எதிர்முழங்கும் மண்டபமும் இழுத்துக் கட்டிய துணியும்

நம் சங்க நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வாடகை மண்டபங்களில்தான் நடக்கின்றன. பள்ளி உடற்பயிற்சிக் கூடம், தேவாலய மண்டபம், சமூக நிலையம் என்று இடம் மாறினாலும் உள்ளே நுழைந்தால் வழுவழுப்பான தரையும் வெறும் சுவரும் உயர்ந்த கூரையும்தான். பேச்சாளரின் சத்தம் காதில் விழுகிறது, சொல் புரிவதில்லை. "மைக்கைக் கூட்டுங்கள்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். சத்தம் கூடும், தெளிவு கூடாது.

காரணம் எதிர்முழக்கம். ஒலி கடினமான பரப்புகளில் பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு சொன்ன எழுத்தின் ஒலி அடங்குமுன் அடுத்த எழுத்து வந்து சேர்கிறது. உயிரெழுத்துகளின் ஒலி பலமானது. மெய்யெழுத்துகளின் ஒலி மெலிந்தது. எனவே பலமான ஒலியின் வால் மெலிந்ததை மூடிவிடுகிறது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் அந்த வாலும் சேர்ந்தே கூடுகிறது.

யாருக்குப் பாதிப்பு?

முதலில் நம் பெரியவர்களுக்கு. காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு எதிர்முழக்கமும் சேர்ந்தே பெரிதாகிக் கேட்கிறது. ஒன்றும் புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து களைத்துப்போகும் தாத்தா பாட்டிகள், அடுத்த முறை "நீங்கள் போய் வாருங்கள்" என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அடுத்து நம் பிள்ளைகள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் திறன் பதின்ம வயதில்தான் முழுமை பெறுகிறது. தாய்மொழியாகப் பேசிப் பழகாத மொழியைக் கேட்பவருக்கு எதிர்முழக்கம் இன்னும் பெரிய தடை. இங்கு பிறந்த பல பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படித்தான். வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகவே காதில் விழுந்தால் குழந்தை எப்படிப் பிரித்துச் சொல்லும்? அந்த அறையில் குரலை உயர்த்தியே பாடம் நடத்தும் ஆசிரியரின் தொண்டையும் கெடுகிறது.

மைக்கைக் கூட்டுவதிலும் ஆபத்து உண்டு. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருப்பதையே வல்லுநர்கள் எல்லையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.

மெத்தை சொன்ன பாடம்

1895ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் பேசுவது எவருக்கும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து சிறிது சிறிதாக அறையில் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். காலி அறையில் 5.5 வினாடிவரை கேட்ட ஒலி, மெத்தை கூடக்கூடக் குறைந்தது. மென்மையான பரப்பு எவ்வளவு என்பதே விடை என்று கண்டார்.

லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம் 1871இல் திறக்கப்பட்டபோதும் எதிரொலித் தொல்லை இருந்தது. குவிமாடத்தின் கீழே பெரிய துணி விதானம் கட்டினார்கள். ஓரளவு பயன் கிடைத்தது. தொல்லை முற்றிலும் தீரவில்லை. 1969இல் கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்ட பிறகே பெரிதும் குறைந்தது.

எந்தத் துணி, எப்படி?

இன்று பல மண்டபங்களில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிச் சுவரிலும் கூரையிலும் பொருத்துகிறார்கள். இழுப்பு தானாக ஒலியை உறிஞ்சாது. துணி தொய்யாமல், சுவரிலிருந்து சரியான தூரத்தில், குறைந்த எடையில் நிற்கவே அது உதவுகிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, துணி வழியாகக் காற்றுப் போக வேண்டும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்றுப் போனால் ஒலியும் உள்ளே போகும். பிளாஸ்டிக் பூசிய கூடாரத் துணி ஒலியைப் பெரும்பாலும் திருப்பியே அனுப்பும்.

இரண்டாவது, பின்னால் இடைவெளியோ, கண்ணாடிக் கம்பளி போன்ற நிரப்பியோ, இரண்டுமோ வேண்டும். சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. அங்கே மெல்லிய துணிக்கு வேலை இல்லை. பேச்சொலியின் நடுப்பகுதியான 500 ஹெர்ட்ஸுக்கு 17 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டினால் பலன் அதிகம். மேடைப் பின்சுவரில் ஒட்டித் தொங்கவிடும் மெல்லிய சேலை அலங்காரம் கண்ணுக்கு அழகே தவிர, காதுக்கு உதவாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள மண்டபத்தில் எதிர்முழக்கம் 2.4 வினாடி என்று வையுங்கள். சபின் சூத்திரப்படி, அதை 1.2 ஆக்க முழுமையாக ஒலி உறிஞ்சும் பரப்பு இன்னும் 80 சதுர மீட்டர் தேவை. 1.2க்கு 2.4 மீட்டர் அளவில், உள்ளே கம்பளி வைத்துத் துணி இழுத்த பலகைகளை இரு பக்கமும் ஒலி படும்படி தொங்கவிட்டால் ஏறத்தாழ 20 போதும். கூட்டம் நிறைந்தால் மனித உடலும் உடையுமே ஒலியை உறிஞ்சும். பதினைந்து பிள்ளைகள் மட்டும் இருக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு அந்த உதவி இல்லை.

செய்ய வேண்டியவை

• மண்டபம் பதிவு செய்யுமுன் நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒலி நெடுநேரம் நீடித்தால் வேறு இடம் பாருங்கள். அல்லது தமிழ் வகுப்புக்குக் கம்பளம் விரித்த சிறிய அறையைக் கேளுங்கள்.

• மண்டப நிர்வாகத்திடம் துணிப் பலகைகள் பற்றிக் கேளுங்கள். நீண்டகாலமாக வாடகை தருபவர்கள் கேட்டால் காது கொடுப்பார்கள்.

• தீத்தடுப்புச் சான்று இல்லாத துணியைப் பொது மண்டபத்தில் கட்டாதீர்கள். புகை உணர்கருவியையும் நீர்தெளிப்பானையும் மறைக்கக்கூடாது.

• துணி, உள்ளே எதிர்முழக்கத்தைக் குறைக்கும். மேளச் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்காது.

• அமைதியான வீட்டில் நன்றாகக் கேட்டு, கூட்டத்தில் மட்டும் பேச்சுப் புரியாமல் போனால் மண்டபத்தை மட்டும் குறை சொல்லாமல் காதையும் பரிசோதியுங்கள். கேட்கும் திறன் குறைவதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

அடுத்த விழாவுக்குச் செலவுத் திட்டம் போடும்போது, பெரிய ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் துணிக்கு ஒதுக்கலாமே. பின்வரிசைப் பாட்டிக்கும் முன்வரிசைப் பேத்திக்கும் ஒரே சொல் தெளிவாகக் கேட்கட்டும்.