உங்களுக்குத் தெரியுமா? ஆண் தாடை, பெண் தாடை

பல்லைக் கடித்துக்கொண்டு, காதுக்குக் கீழே தாடை மூலையில் விரலை வைத்துப் பாருங்கள். புடைக்கிறதே, அதுதான் மெல்லும் தசை. அது பற்றி இழுக்கிற இடத்தில் எலும்பு சொரசொரப்பாகிவிடும். ஆண்களில் பலருக்கு அந்த மூலை வெளிப்பக்கமாக விரிந்து, விளிம்பு தடித்து நிற்கும். பெண்களில் பலருக்கு வழவழப்பாக அடங்கியிருக்கும். அடையாளம் தெரியாத எலும்புக்கூடு மேஜைக்கு வந்தால், தடயவியல் நிபுணரின் கட்டைவிரல் தடவிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

✦ இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்துவிட்டால் தாடையை யாரும் அவ்வளவாகச் சீந்த மாட்டார்கள். இடுப்பெலும்பை வைத்தே 100-க்கு 95 சரியாகச் சொல்லலாம் என்று 1962-லேயே எழுதிவைத்தார் அமெரிக்க மானிடவியலாளர் வில்டன் குரோக்மன். மண்டையோட்டுக்கு அவர் கொடுத்தது 92. ஆனால் நரி இழுத்துப் போட்டதும் தீயில் வெந்ததும் போக மிச்சம் கிடைப்பது எதுவோ அதை வைத்துத்தானே பேச முடியும்? முகத்து எலும்புகளிலேயே பெரியதும் உறுதியானதும் கீழ்த்தாடை. அதனால் பல நேரம் அதுதான் மிஞ்சுகிறது.

✦ முகவாய்க்கட்டை சதுரமாக இருந்தால் ஆண், ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் பெண் என்பது பொதுக்கணக்கு. (சினிமா பேனர் வரைந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.) நிபுணர்கள் இதற்கு 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். 3 வந்தால் உதட்டைப் பிதுக்க வேண்டியதுதான்.

✦ கண்பார்வை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் காலிப்பரை எடுக்கிறார்கள். மண்டையோட்டில் பொருந்தும் இரண்டு குமிழ்களின் வெளியகலம், இரு தாடை மூலைகளுக்கு இடைப்பட்ட அகலம், பின்புறம் நிமிர்ந்து எழும் பட்டையின் உயரமும் அகலமும், அது வளையும் கோணம் என எல்லாவற்றையும் அளக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரி வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். அதனால் ஒற்றை அளவை நம்பிப் பயனில்லை. ஒவ்வோர் அளவையும் அதற்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். விடை எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆண், தாண்டாவிட்டால் பெண். கீழ்த்தாடைக்கு இப்படியொரு ஃபார்முலாவை 1964-ல் தந்தவர் யூஜின் ஜைல்ஸ். 100-க்கு ஏறத்தாழ 85 சரியாக வந்தது.

✦ அந்த எல்லைக்கோடு ஊர் விட்டு ஊர் செல்லாது. அமெரிக்க எலும்புகளை வைத்துப் போட்ட கோட்டில் சிறுகூடான இந்திய ஆணை நிறுத்தினால் ‘பெண்’ என்று விடை வரலாம். நம் பல் மருத்துவக் கல்லூரிகள் முழுத்தாடை எக்ஸ்ரே (ஓ.பி.ஜி.) படங்களில் தாடையை அளந்து உள்ளூர்க் கணக்குத் தேடுவது இதனால்தான்.

✦ பல் எல்லாம் விழுந்துவிட்டால் அதைத் தாங்கிய எலும்பும் கரைந்து தாடை மெலியும், கோணமும் விரியும். விரிந்த கோணம் பெண் அடையாளம் என்பதால் பொக்கைவாய்த் தாத்தாவின் தாடை பாட்டியின் தாடையாகத் தெரியக்கூடும்.

✦ பருவமடையாத பிள்ளைகளின் தாடையா? அளந்து பெரிதாகப் பயனில்லை.

✦ தாடையின் பின்விளிம்பு, கடைவாய்ப் பற்கள் மெல்லும் மட்டத்தில் வளைந்திருந்தால் ஆண். இந்த ஒன்றே போதும், 94 விழுக்காடு சரியாக வரும் என்று 1996-ல் சூசன் லோத், மசியெய் ஹென்னெபெர்க் இருவரும் அறிவித்தார்கள். பரபரப்பாகத்தான் இருந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த எண்ணுக்குக் கிட்டவே வரவில்லை. ஒரே ஆள் அதே எலும்பை இன்னொரு நாள் பார்த்து வேறு விடை சொன்னதும் உண்டு.

✦ சந்தேகமா, ஆண் பக்கம் தள்ளு! இது சட்டமில்லை, பழக்கம். தொல்லியல் எலும்புத் தொகுப்புகளை அலசிய கென்னத் வைஸ், ஆண்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டிருப்பதாக 1972-ல் காட்டினார். கொஞ்சம் பருமனாக எது தெரிந்தாலும் ‘ஆண்’ என்று எழுதிவிடும் கைகளைத்தான் குறை சொல்ல வேண்டும்.

✦ எலும்பு கைவிட்டால் பல் உண்டு. இத்தாலியின் மோதேனாவில் 2009-ல் கைகோத்தபடி கிடைத்த, சுமார் 1,500 ஆண்டுப் பழைய இரு எலும்புக்கூடுகளைப் பத்திரிகைகள் ‘காதலர்கள்’ ஆக்கிவிட்டன. எலும்பு சிதைந்திருந்தது, டி.என்.ஏ.வும் தேறவில்லை. 2019-ல் பல் எனாமலில் இருந்த புரதத்தைச் சோதித்தார்கள். இருவருமே ஆண்கள். சகோதரர்களோ, போர்த்தோழர்களோ, காதலர்களேதானோ, அதைப் புரதம் சொல்லாது.

✦ அந்தப் புரதத்தின் பெயர் அமிலோஜெனின். அதற்கான மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோம்களிலும் உண்டு. நீளத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். உலகெங்கும் தடயவியல் கூடங்களில் டி.என்.ஏ. மூலம் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பெரும்பாலும் இதை வைத்தே. ஆனால் சில ஆண்களுக்கு ஒய்-யில் அந்தத் துண்டே இருக்காது. சோதனை அவர்களைப் பெண் என்றே காட்டும். 1998-ல் இலங்கை ஆண்கள் 24 பேரைப் பார்த்ததில் 2 பேருக்கு இப்படி. 2002-ல் ஐதராபாத் விஞ்ஞானிகள் இந்திய ஆண்கள் 270 பேரைப் பார்த்ததில் 5 பேருக்கு. இப்போது வரும் பல சோதனைக் கருவித்தொகுப்புகளில் ஒய் குரோமோசோமின் வேறு அடையாளங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.