எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் காலியான கதை

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாள். என் வாழ்க்கையின் முதல் ஓட்டு. வரிசையில் நின்று உள்ளே போனால், அது நான் 'அ, ஆ' எழுதிப் பழகிய அதே அறை! கிட்டத்தட்ட ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை வாக்குச்சாவடிக்காகத் திறந்து ஒட்டடை அடித்திருந்தார்கள். கரும்பலகையின் ஓரத்தில் 'பதிவு', 'வருகை' என்று பெயிண்டில் போட்ட கட்டம் அப்படியே இருந்தது. விரலில் மையோடு வெளியே வந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "ஓட்டுப் போட மட்டும் பள்ளிக்கூடம் வேணும்டா இவனுங்களுக்கு."

'இவனுங்க' என்று அவர் யாரைச் சொன்னார்? அரசாங்கத்தையா, எங்கள் ஊர்க்காரர்களையா? அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன் தோழர்களே.

எங்கள் பள்ளியை யாரும் ஒரே நாளில் இழுத்து மூடவில்லை. முதலில் காலியானது, பிறகுதான் பூட்டு விழுந்தது.

காலியாவது மூன்று வயதில் ஆரம்பிக்கிறது. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்ளும். அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில்தான் கதவைத் திறக்கும். அதற்குள் பிள்ளை இரண்டு வருடம் வேனில் போய்ப் பழகிவிடுகிறது. பிறகு யார் இறக்கிவிடுவார்கள்? 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. எங்களுடையது தொடக்கப் பள்ளி, பட்டியலில் வராது. இதோடு 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கொடுக்கும். "நம்ம பிள்ளையை நாமே காசு கொடுத்து அனுப்புறோம்" என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அந்த இடம் கிடைத்த கூலிக்காரர் வீட்டுக்கு அது வரம் என்பதும் உண்மைதான்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. அதே சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. நம் பாலிடெக்னிக் கணக்கில் சொன்னால், ஒரு வகுப்புக்கு ஐந்தில் இரண்டு வாத்தியார்! ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்தில் ஒன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். உபரி என்று வருபவரைப் 'பணிநிரவல்' செய்து வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். எங்கள் பள்ளியில் இரண்டாவது டீச்சர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பெற்றோர், வட்டிக்கு வாங்கியாவது பீஸ் கட்டத் துணிந்தார்கள். பிள்ளை குறைந்ததால் டீச்சர் இல்லை, டீச்சர் இல்லாததால் பிள்ளை குறைந்தது.

கடைசி வருடம் மிஞ்சியவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் பெண்பிள்ளைகள். இது தற்செயல் இல்லை. அண்ணனும் தம்பியும் டை கட்டி வேனில் போவார்கள், அக்கா சத்துணவுத் தட்டோடு இங்கே வருவாள். மற்ற இருவரும் அப்பா அம்மா வெளியூரில் செங்கல் சூளை வேலைக்குப் போக, பாட்டியிடம் வளர்ந்தவர்கள். வேறு வழி இருந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வழி இல்லாதவர்கள் தலையில்தான் பூட்டு விழுந்தது.

அடுத்த பள்ளி பைபாஸ் ரோட்டைத் தாண்டி இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? கொண்டுபோய் விட்டால் பாட்டிக்கு நூறு நாள் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டம். சத்துணவு ஆயாவுக்கு அடுத்த ஊருக்கு மாற்றல்; முட்டி வலியோடு பஸ் ஏறினார். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தபோது, எங்கள் ஊரில் அதைப் பரிமாறப் பள்ளியே இல்லை!

இன்னொன்றும் கவனித்தேன். ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருபவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நம் வகுப்புத் தோழிகள் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறார்களே, அந்தப் புதுமைப் பெண் திட்டத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். தொடக்கப் பள்ளியை அது கேட்பதில்லை.

இது நம் பக்கத்துச் சங்கதி மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. சிகாகோ நகரில் 2013-ல் சுமார் 50 அரசுப் பள்ளிகளை ஒரே தடவையில் மூட முடிவெடுத்தார்கள். பிள்ளைகள் குறைவு என்பதே அங்கும் காரணம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மூடப்போவதாக அறிவித்த வருடத்திலேயே அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது தெரிந்தது. பூட்டைவிட, பூட்டப்போகும் சேதி முந்திக்கொள்கிறது. அதே நகரில் டையட் என்ற உயர்நிலைப் பள்ளிக்காக 2015-ல் பெற்றோரும் ஊர்க்காரர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016-ல் அது மீண்டும் திறந்தது.

எங்கள் ஊரில் யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. இருந்திருந்தால் யாரை எதிர்த்து இருப்பது? காலையில் ஹாரன் அடிக்கும் வேனையா?

போன மே மாத லீவில் நானும் இரண்டு நண்பர்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 11 பேர் இருக்கிறார்கள். நான்கு அம்மாக்கள், "வாத்தியார் வருவாருன்னா அனுப்புறோம் தம்பி" என்றார்கள். அதை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். மரியாதையாக உட்காரவைத்துத்தான் பேசினார்கள். "முதல்ல பிள்ளைங்க சேரட்டும், அப்புறம் வாத்தியாரைப் போடுவாங்க" என்றார்கள்.