விற்பவர் எழுதும் வெள்ளையறிக்கை

நுண்கட்டுப்படுத்திச் சில்லைச் சோப்பைப்போல் சுவரொட்டி ஒட்டி விற்க இயலாது. வாங்குபவர் பொறியாளர், அவருக்குக் காரணம் காட்டவேண்டும். அதற்காகவே நிறுவனங்கள் தொழில்நுட்ப வெள்ளையறிக்கைகளை வெளியிடுகின்றன.

அமெரிக்காவின் பாரலாக்ஸ் நிறுவனம் 2006-இல் கொணர்ந்த புரொப்பெல்லர் சில்லைப் பாருங்கள். அதில் 8 செயலிகள். ஒற்றைச் செயலியாயின், அழைப்பு வரும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டு ஓடவேண்டும். இதிலோ அக்குறுக்கீடே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனிவேலை. கேட்கவே இனிக்கிறதன்றோ? ஆயினும் ஒரு செயலியின் சொந்த நினைவகம் 2 கிலோபைட்டே. பொதுவிலுள்ள 32 கிலோபைட் படிப்பெழுது நினைவகத்தையோ, ஏரிநீருக்கு முறை காக்கும் வயல்களைப்போல், எட்டும் முறைவைத்தே அணுகவேண்டும்.

செயலிகளின் எண்ணிக்கையை மட்டும் பாடும் அறிக்கையை நான் மூடிவைத்துவிடுவேன். நினைவகக் கணக்கையும் முதற்பக்கத்திலேயே சொல்லும் அறிக்கையையே மேற்கொண்டு படிப்பேன்.