மோட்டார் ஹோம் கழிவை எங்கே, எப்படி அகற்றுவது?

கோடை விடுமுறைக்கு மோட்டார் ஹோமில் ஒன்ராறியோ ஏரிக்கரைகளுக்குச் செல்லும் எம்மவர்கள், கழிவகற்றும் நிலையம் எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் அது உண்டு. அங்கு தங்காதவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

பொதுவாக வாகனத்தில் இரண்டு கழிவுத் தாங்கிகள் இருக்கும்: மலசலகூடக் கழிவுக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு மற்றொன்று. கையுறை அணிந்து, கழிவுக் குழாயை நிலத்துவாரத்தில் இறுக்கமாகப் பொருத்தி, முதலில் மலக்கழிவைத் திறந்துவிடுங்கள். அடுத்துத் திறக்கும் கழுவுநீர், குழாயில் ஒட்டியிருப்பதை அடித்துச் சென்றுவிடும். மலக்கழிவு வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தால் நீர் வடிந்து, திண்மம் உள்ளே இறுகிவிடும். குழாய் அலசுவதற்கான தண்ணீரைக் குடிநீர்த் தாங்கியில் நிரப்பவேண்டாம்.

வீதியோரக் கானில் ஊற்றும் கழிவு மழையோடு ஏரியைச் சேரும். அந்த ஏரியில்தான் எங்கள் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.