பூனை சாப்பிடும் கணக்கு

"பூனை வளர்க்கலாமா?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "முடி கொட்டும்", "யார் சுத்தம் செய்வது?" என்றெல்லாம் முதலில் பதில் வரும். சற்று நேரம் கழித்து உண்மையான கேள்வி வரும்: "மாதம் எவ்வளவு செலவாகும்?"

நியாயமான கேள்வி. செலவு தாங்காமல் கைவிடப்படும் பூனை, புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து நின்றுவிடுகிறது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால் உரிமம் வேண்டும். தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்தியிருக்க வேண்டும். பூனையை ஆசைக்குக் கொண்டுவந்து அலுத்ததும் விட்டுவிடும் காலம் போய்விட்டது. வீட்டுப் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். நீங்கள் உயர்நிலை ஒன்றில் படிக்கும்போது வரும் குட்டி, நீங்கள் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும்.

அப்படியானால் எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? பூனையின் உடலைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

யானை எலியைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமானது. ஆனால் அது பல்லாயிரம் மடங்கு சாப்பிடுவதில்லை. விலங்கின் எடை கூடும் அளவுக்கு அதன் எரிசக்தித் தேவை கூடுவதில்லை என்பதை 1932ல் மேக்ஸ் கிளைபர் என்ற அறிவியலாளர் கணக்காகவே காட்டினார். தேவை, எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி வளர்கிறது. விலங்கு மருத்துவர்கள் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள்: கிலோகிராமில் எடையை எடுத்து, அதன் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால், ஓய்வாக இருக்கும் விலங்குக்கு ஒரு நாளைக்குத் தேவையான கிலோகலோரி கிடைக்கும்.

0.75 அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், போதும். நான்கு கிலோ பூனைக்கு 4 × 4 × 4 = 64. வர்க்கமூலம் 8. மீண்டும் வர்க்கமூலம் 2.83. அதை 70ஆல் பெருக்கினால் 198. கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு இதை 1.2ஆல் பெருக்குவது வழக்கம். சுமார் 240 கிலோகலோரி வருகிறது. இது தொடக்கப் புள்ளிதான். ஒவ்வொரு பூனைக்கும் கொஞ்சம் கூடும், குறையும்.

இனிக் கடைக்குப் போவோம். இரண்டு உலர் உணவுப் பைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கிலோ 10 வெள்ளி, 100 கிராமில் 300 கிலோகலோரி. மற்றது கிலோ 12 வெள்ளி, 100 கிராமில் 400 கிலோகலோரி. எது மலிவு? முதல் பையிலிருந்து நாளைக்கு 80 கிராம் போட வேண்டும். செலவு 80 காசு. இரண்டாவதில் 60 கிராம் போதும். செலவு 72 காசு. விலை கூடிய பைதான் மலிவு! அதோடு குறைவாகச் சாப்பிடும் பூனை பெரும்பாலும் குறைவாகவே கழிக்கும். மணல் செலவும் இறங்கும். ஆகவே ஒரு கிலோ என்ன விலை என்று பார்க்காதீர்கள், ஒரு நாள் சாப்பாடு என்ன விலை என்று பாருங்கள். கிலோகலோரி அளவு பையின் பின்புறத்திலோ தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலோ இருக்கும்.

அளவு மிக முக்கியம். கிண்ணம் காலியானதும் ஒரு கை அள்ளிப் போடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அந்த ஒரு கையில் 10 கிராம் கூடினால், 60 கிராம் சாப்பிட வேண்டிய பூனைக்கு ஆறில் ஒரு பங்கு அதிகமாகப் போகிறது. உணவுக்கும் பணம், பிறகு பருத்த பூனைக்கு வரும் நீரிழிவுக்கும் மூட்டு வலிக்கும் பணம். சமையலறைத் தராசில் காலையில் ஒரு நாள் உணவை எடைபோட்டு ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். யார் போட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான் போட வேண்டும். பூனைக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது என்று இரண்டும் ஒத்துப்போகும் இடம் இது. இப்படி அதிகம் கிடைக்காது.

பெரிய மூட்டையாக வாங்கினால் மலிவு என்பது பாதிதான் உண்மை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் திறந்த பையில் உள்ள கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறிப்போகும். வாசம் மாறினால் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒன்று, ஒன்றரை மாதத்தில் தீரும் அளவு வாங்கி, அதே பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

தயிர்ச்சோறு ஏன் போதாது?

"எங்கள் காலத்தில் பூனைக்குத் தனியாகவா சாப்பாடு வாங்கினோம்? மிச்சம் மீதியைத்தானே போட்டோம்!" என்று பாட்டி சொல்லலாம். அந்தக் காலத்துப் பூனை வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றது. நம் சோறு அதற்கு உபரி. பன்னிரண்டாம் மாடியில் சன்னலுக்கு வலை போட்ட வீட்டில் எலிக்கு எங்கே போவது?

பூனை இறைச்சி உண்டே தீர வேண்டிய விலங்கு. அதற்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். 1827ல் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நாய்கள் பொதுவாக இதை உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1970களில் தெரிந்தது. 1987ல் அமெரிக்க மருத்துவர் பால் பியனும் அவர் குழுவினரும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்கிய பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைவாக இருந்தது. அதைக் கொடுத்ததும் இதயம் தேறியது. வியப்பு என்னவென்றால், அந்தப் பூனைகள் கடையில் விற்ற பூனை உணவைச் சாப்பிட்டவைதான். அதன் பிறகே தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

சோற்றிலும் பருப்பிலும் காய்கறியிலும் டாரின் இல்லை என்றே சொல்லலாம். நாய் உணவில் பூனைக்குப் போதுமானது இருக்கும் என்ற உறுதியும் இல்லை. வீட்டில் நாயும் இருந்தால், ஒரே பையில் இரண்டையும் சமாளிக்க நினைக்காதீர்கள். மலிவான டூனா டின்களிலும் கவனம் தேவை. பின்புறத்துச் சிறிய எழுத்தில் 'கம்ப்ளீட்' என்று இருந்தால் அது முழு உணவு. 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் தொட்டுக்கொள்ள மட்டுமே. இரண்டு சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பதால் பெரியவர்களே ஏமாறுகிறார்கள்.

ஈரச்சந்தையில் வாங்கிய மீனை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, எப்போதாவது கொஞ்சம் தரலாம். பச்சையாக வேண்டாம். சில மீன்களில் 'பி1' வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. வெந்தால்தான் அது செயலிழக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் கிடந்த மீன் துண்டைப் போடாதீர்கள் என்பது இதனால்தான்.

சின்னச் செலவும் பெரிய பில்லும்

விலங்கு மருத்துவரிடம் போனால் பணம் ஆகும் என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலை நம் கல்லீரல் பாதிப்பில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. அதற்கான நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. மருந்து நஞ்சாகி, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கான உண்ணி மருந்துகளும் அப்படித்தான். பெர்மெத்ரின் கலந்தது பூனையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடலிலிருந்தே பெருமளவு நீர் எடுத்துக்கொண்டவை. அதனால் பூனைக்குத் தாகம் எளிதில் எடுப்பதில்லை. உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு நீர்கூட இருக்காது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால், அதில் படிகங்கள் உருவாகலாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகலானது; அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மணல் பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவுச் சிகிச்சையின் பில் பல மாத உணவுச் செலவை விழுங்கிவிடும். தடுக்கும் வழியோ மலிவு: வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், உணவில் சிறிது வெதுவெதுப்பான நீர்.

கருத்தடையைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறான சிக்கனம். பகல் நீளும்போதுதான் பூனைகளின் இனப்பெருக்கக் காலம் தொடங்கும். குளிர்நாடுகளில் அதனால் இடைவெளி விழுகிறது. சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பகலின் நீளம் சுமார் பத்து நிமிடம்தான் மாறுகிறது. பூனைக்கு இங்கே எல்லா மாதமும் ஒன்றுதான்! நான்கு மாதக் குட்டியே கருத்தரிக்கலாம். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்து நுண்சில்லு பொருத்தும் திட்டம் ஒன்று இங்கு உண்டு. விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும் என்பதால் தராசு அப்போது இன்னும் அவசியம்.

விளையாட்டுப் பொருளுக்குச் செலவே வேண்டாம். புதிதாகக் காப்பகத்துக்கு வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி கிடைத்தவை விரைவாகப் பதற்றம் தணிந்தன என்று நெதர்லாந்தில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2014ல் காட்டியது. பெட்டியை இணையக் கடைகள் தாமே வீட்டுக்கு அனுப்புகின்றன. மணலில் கட்டியாகும் களிமண் வகை, சோயாச் சக்கை வகை, மரத்தூள் குச்சி என்று பல உண்டு. மலிவானதற்கு மாறலாம், ஆனால் பழையதில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். பிடிக்காவிட்டால் பூனை சோபாவைத் தேர்ந்தெடுத்துவிடும்.

மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை. நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு கிலோ பூனை 200 கிராம் இளைத்தால், 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம். அடர்ந்த முடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.