முனையச் செயலிகளின் வேகத்தை அளத்தல்: ஒப்பீட்டு நேர்மையும் தமிழ் எழுத்தும்

முன்னுரை

கட்டளைகளை எழுத்து வடிவில் உள்ளிடவும் அவற்றின் விளைவை எழுத்தாகவே காணவும் உதவும் மென்பொருள் டெர்மினல் எமுலேட்டர் எனப்படும். இக்கட்டுரையில் அது முனையச் செயலி எனக் குறிக்கப்பெறுகின்றது. 1978இல் வெளிவந்த விடி100 போன்ற வன்பொருள் முனையங்களின் இயல்பை இச்செயலிகள் மென்பொருள்வழி நிகழ்த்துகின்றன. விடி100இன் உச்ச வேகம் நொடிக்கு 19,200 பிட்டுகளே. அங்கு வேகத்தை வரையறுத்தது இணைப்பு. இன்று அத்தடை நீங்கிவிட்டதால், எக்ஸ்டெர்ம், அலாகிரிட்டி, கிட்டி முதலியவற்றுள் விரைவானது எது என்னும் வினா எழுகின்றது. பெரிய தரவகங்களைக் கட்டளைவழிக் கையாளும் தமிழ்க் கணினிமொழியியல் ஆய்வாளர்க்கும் இவ்வினா அயலானதன்று. விடையாகத் தரப்பெறும் எண்கள் உண்மையில் எதனை அளக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

படித்தலும் வரைதலும்

பரவலாகக் கையாளப்பெறும் முறை எளியது. பெரிய கோப்பொன்றை ‘கேட்’ கட்டளையால் திரையில் கொட்டச் செய்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வர். ஆனால் கடைசிப் பைட்டுகளைக் கெர்னலின் இடைநினைவகத்தில் ஒப்படைத்த அளவிலேயே ‘கேட்’ தன் பணியை முடித்துவிடும். அவை திரையில் தோன்றினவா என்பதை அது அறியாது.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பெறும் திரையில் ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கும். 10 இலட்சம் வரிகள் 2 நொடியில் ஓடி முடிந்தன எனக் கொள்வோம். 50 வரி கொள்ளும் திரையில் 120 காட்சிகளில் மிகுதியாக 6,000 வரிகளே தோன்ற இயலும். எஞ்சியவை வரையப்படவே இல்லை. இது ஏமாற்றன்று; கண்ணுக்கு எட்டாததை வரையாமல் விடுவது நல்ல வடிவமைப்பே. எனினும் அவ்வாறு பெற்ற எண் படிக்கும் வேகத்தையே காட்டும், வரையும் வேகத்தையன்று. அலாகிரிட்டி திட்டத்தினர் உருவாக்கிய விடிஇபெஞ்ச் என்னும் அளவுகருவியின் விளக்கக் குறிப்பே, காட்சி வீதத்தையும் தாமதத்தையும் தான் அளப்பதில்லை என வெளிப்படையாகக் கூறுகின்றது. அக்குறிப்பைப் படியாமல் அதன் எண்களை மட்டும் எடுத்தாள்வோரே பலர்.

விசையை அழுத்தியதற்கும் எழுத்து தோன்றுவதற்கும் இடைப்பட்ட தாமதம் வேறோர் அளவு. வரும் தரவைச் சில மில்லிநொடி சேர்த்துவைத்து வரையும் செயலி முதல் அளவில் முந்தலாம், இரண்டாவதில் பின்தங்கலாம்.

இயல்பு அமைப்பிலேயே சோதிப்பது நடுநிலையானது என்பாரும் உளர். அலாகிரிட்டி பின்னோக்கிப் பார்க்க 10,000 வரிகளைச் சேமிக்கும்; கிட்டி 2,000 வரிகளைச் சேமிக்கும். இயல்பு அமைப்பே சமமற்றது.

தமிழ் எழுத்தால் எழும் சிக்கல்

சோதனைத் தரவு ஆங்கில எழுத்துகளாக இருப்பின் ஒரு பைட்டு, ஒரு குறியெண், ஒரு கட்டம் என்னும் சமன்பாடு பொருந்தும். தமிழில் இது முற்றிலும் குலைகின்றது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து 3. யூனிகோடு குறியெண் 5. யுடிஎஃப்-8 முறையில் பைட்டு 15. மார்க்கஸ் கூன் எழுதிப் பரவலான அகலக் கணிப்பு நிரலின்படி அதற்குரிய கட்டங்கள் 4. அந்நிரலின்படி ‘கீ’ ஒரு கட்டமும் ‘கி’ இரண்டு கட்டங்களும் பெறும். ஈகாரக் குறியை இடம்கொள்ளாக் குறியாகவும் இகரக் குறியை இடம்கொள்ளும் குறியாகவும் யூனிகோடு வகைப்படுத்தியுள்ளமையே காரணம். தமிழ் நெடுங்கணக்கை அறிந்த எவர்க்கும் இது வியப்பளிக்கும்.

‘கொ’ என்பதை வரைய, ஒரே குறியெண்ணாக உள்ள உயிர்மெய்க் குறியைப் பிரித்து மெய்யின் இருபுறமும் அமைத்தல் வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள் இதனைச் செய்கின்றன. அதற்குக் கணிப்பு நேரம் செலவாகும். அப்பணியைச் செய்யாத செயலி ககரத்தையும் குறியையும் தனித்தனிக் கட்டங்களில் இட்டுவிட்டு விரைவாக முடிக்கும். பிழையாகக் காட்டும் செயலி பட்டியலில் முதலிடம் பெறவும், சரியாகக் காட்டும் செயலி மந்தமானது எனப் பெயர் பெறவும் இம்முறை இடந்தருகின்றது. இக்குறை ஏனைய குறைகள் எல்லாவற்றினும் பெரிது என்பது கட்டுரையாளரின் கருத்து. அளவீட்டைக் கொண்டு செயலியைத் திருத்துவோர்க்குத் தமிழைச் சரியாக வரைவதே இழப்பாகத் தோன்றிவிடும்.

ஆகவே நேரம் குறிக்கும் முன்னர் ஒவ்வொரு செயலியின் திரைப்படிமத்தையும் சரியான வடிவத்தோடு ஒப்புநோக்குதல் வேண்டும். பிழையாக வரைந்தவற்றை அச்சோதனையின் தரவரிசையில் சேர்த்தல் ஆகாது. அலகும் கருதத்தக்கது. நொடிக்கு இத்தனை மெகாபைட்டு என அளந்தால், அதே அளவுள்ள தமிழ்க் கோப்பில் குறியெண்கள் ஆங்கிலக் கோப்பினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பைட்டு, குறியெண், எழுத்து என்னும் மூன்று கணக்குகளையும் தனித்தனியே தந்தாலன்றி, இரு மொழித் தரவுகளில் பெற்ற எண்களை அருகருகே வைக்க இயலாது.