தட்டுக்கு ஆழம் உண்டா?

சிடியில் தகவல் ஒரே தளத்தில்தான் பதிகிறது. மற்ற தடிமன் வெறும் பிளாஸ்டிக். ஹாலோகிராபிக் தட்டு அந்தத் தடிமனையும் விடவில்லை. லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் தகவலை ஏற்றி, இரண்டையும் பாலிமருக்குள் சந்திக்க வைத்தால் குறுக்கீட்டுக் கோலம் பதியும். கோணத்தைச் சற்று மாற்றினால் அதே இடத்தில் இன்னொரு பக்கத் தகவலும் பதியும்! அருமையான யோசனை, சந்தையில்தான் எடுபடவில்லை.

ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நுண்கட்டமைப்பு இயற்பியல் நிறுவனத்துக்கு 2014-இல் இயக்குநராக வந்த ஸ்டூவர்ட் பார்க்கினும் ஆழத்தையே நாடுகிறார், ஆனால் காந்தத்தின் வழியாக. அவருடைய ‘ரேஸ்டிராக்’ நினைவகத்தில், நானோ கம்பிக்குள் காந்தப் பகுதிகள் ரயில் பெட்டிகள்போல வரிசையாக நிற்கும். மின்துடிப்பு கொடுத்தால் கம்பி அசையாது, பெட்டிகள் மட்டும் நகரும். தள்ளுவது எலக்ட்ரான்களின் தற்சுழற்சி. படிக்கும் முனை ஓரிடத்திலேயே இருக்கும். சுழலும் தட்டே வேண்டாம். கம்பியைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால், சிறு பரப்பிலேயே பல பிட்டுகளை அடுக்கலாம்.